குட்டி ஈன்ற பிறகுதான் பசி

குதிரைக் கிளப் என்றதும் நகரத்து நண்பர்களுக்குக் கிண்டி பந்தய மைதானம் நினைவுக்கு வருகிறது. ஊர்க்காரர்களுக்கோ பொங்கலை ஒட்டி நடக்கும் ரேக்ளா, தேருக்கு முன்னால் தாளத்துக்கு ஆடிக்கொண்டு போகும் வெள்ளைக் குதிரை, ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தை. இரு தரப்பும் எங்களைப் பார்ப்பது வருடத்தில் பத்துப் பதினைந்து நாள். மிச்ச நாளெல்லாம் நாங்கள் பேசிக்கொள்வது சோளத்தட்டு விலை, குதிரைமசால் என்ற பசுந்தீவனப் பயிரின் விலை, தவிடு, குதிரைச் சாணமான லத்தி. லத்தி இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா, முழுத் தானியம் அப்படியே வெளியே வருகிறதா என்று காலை ஆறு மணிக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் மனிதர்கள் கூடிய இடம்தான் குதிரைக் கிளப் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

எங்கள் கிளப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவிலும் பல்லடம் பக்கம் கொஞ்சமுமாகச் சிதறிக் கிடக்கும் ஒரு டஜன் குடும்பங்கள், அவ்வளவுதான். விசைத்தறி வைத்திருப்பவர், கோழிப்பண்ணைக்காரர், தேங்காய்க் களம் நடத்துபவர், கல்லூரிப் பையன்கள் சிலர். கணக்கு எழுதுவது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் அவர் டீச்சரக்கா. குதிரைகளில் பெரும்பாலானவை மார்வாரி என்ற ராஜஸ்தான் இனம் அல்லது மார்வாரிக் கலப்பு. புஷ்கரிலோ மகாராஷ்டிரத்தின் சாரங்கேடா சந்தையிலோ வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவை, அல்லது அப்படி வந்தவற்றின் பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையோரம் சேர்ந்து சவாரி போவோம். மண் பாதை, வாகனம் குறைவு, குளம்புக்கு இதம். சின்னப் பிள்ளைகளுக்குச் சேணம் பூட்டவும் கடிவாளத்தை இழுக்காமல் பிடிக்கவும் சொல்லிக்கொடுப்பது அங்கேதான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கட்டும் பாய் வருவார்; அன்றைக்கு எல்லோர் குதிரையும் ஒரே தோப்புக்கு வந்துவிடும். சந்தைக்குப் போகும் முன் கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வோம். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவதில் எங்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் சினைப்பட்ட பெட்டையையும் குட்டி உள்ள தாயையும் செண்டை மேளத்துக்கும் வெடிக்கும் நடுவே நிறுத்துவதில்லை என்பதில் மட்டும் யாரும் மாற்றுப் பேச்சு பேசியதில்லை.

இவையெல்லாம் கிளப்பின் வெளித்தோற்றம். கிளப் நிஜமாகவே உயிரோடிருப்பது தீவனம் வாங்கும்போதுதான். தை அறுவடை முடிந்து சோளத்தட்டு மலிவாகக் கிடைக்கும்போது சேர்ந்து வாங்கிப் போர் போட்டுவைக்கிறோம். கிணற்றில் தண்ணீர் உள்ள இரண்டு பேர் தங்கள் தோட்டத்தில் எல்லோருக்குமாகக் குதிரைமசால் போடுகிறார்கள். அதற்குப் பங்கு உண்டு, பங்குக்குச் சண்டையும் உண்டு. இந்தப் பங்கீடு எப்படித் திருத்தம் பெற்றது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் சினைக்குதிரைக்கு இரட்டைப் பங்கு என்று வைத்திருந்தோம். இப்போது குட்டி ஈன்ற குதிரைக்கு இரட்டைப் பங்கு. மாற்றம் சின்னதாகத் தெரியலாம். அதற்குப் பின்னால் இருக்கும் சங்கதி பெரியது.

கொங்கு நாடு மாட்டு நாடு. இங்கே யாரைக் கேட்டாலும் மாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். குதிரையைப் பற்றிய அறிவோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருக்கிறது. நாடு முழுவதும் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்கும் மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ல் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரை குறைந்தால் குதிரை தெரிந்தவரும் குறைவார். அதனால் குதிரை வாங்கியவர் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்காரரிடம் யோசனை கேட்கிறார். அவரும் நல்ல மனதோடு தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், மாட்டுக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே பாடத்தை விட்டுவிட்டு, எடுக்கக்கூடாதவற்றையெல்லாம் எடுத்துக்கொள்கிறோம்.

எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது: கறவை மாட்டுக்குப் பாலைப் பார்த்துத் தீவனம் வைப்பார்கள். சொசைட்டியில் காலையும் மாலையும் அளந்து ஊற்றுகிறார்களே, அந்த லிட்டர் கணக்குதான் தொட்டியில் விழும் தீவனத்தின் கணக்கு. பால் ஏறினால் புண்ணாக்கு ஏறும். குதிரையின் பால் எந்த அளவுப் படிக்கும் வருவதில்லை. மடியிலிருந்து நேராகக் குட்டியின் வாய்க்குப் போய்விடுகிறது. யாரும் காசு தருவதில்லை. ஆகையால் யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஈன்ற முதல் மூன்று மாதம் ஒரு பெட்டை தன் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு பால் தினமும் சுரக்கிறது. 350 கிலோ மார்வாரி என்றால் நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல். பத்து லிட்டர் கறக்கும் மாட்டை வெறும் தட்டில் கட்டிவைத்தால் ஊர் திட்டும். குதிரையைக் கட்டிவைத்தால் யாருக்கும் தெரியாது.

நாம் செய்வது நேர்மாறானது. மருத்துவர் ஸ்கேன் வைத்துப் பார்த்துச் சினை என்று சொன்ன அன்றே விருந்து ஆரம்பிக்கிறது. வேகவைத்த கொள்ளு, நாட்டுச்சர்க்கரை, நெய், பார்லிக் கஞ்சி. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டுமே என்று வீட்டுப் பெரியவர்கள் உருகுகிறார்கள். குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம், சராசரியாக 340 நாள். அதில் முதல் ஏழெட்டு மாதம் வயிற்றில் இருப்பது கேட்கும் கூடுதல் தீவனம் மிகச் சொற்பம். நல்ல உலர்தீவனம், கொஞ்சம் பசுமை, தாது உப்பு, குறையாத தண்ணீர் இருந்தால் போதும். குட்டி தன் எடையில் அறுபது சதவீதத்துக்கும் மேலாகக் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏற்றுகிறது. ஆக, ஒன்பதாம் மாதம்தான் தீவனத்தைப் படிப்படியாக ஏற்றத் தொடங்க வேண்டிய இடம்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் வெளியிட்ட குதிரைத் தீவன அட்டவணையை டீச்சரக்கா அச்செடுத்து லேமினேட் செய்து எங்கள் தீவனக் கொட்டகையில் மாட்டிவைத்திருக்கிறார். 500 கிலோ குதிரைக்கான கணக்கு அது. சும்மா இருக்கும் பெட்டைக்கு நாளைக்கு 16.7 மெகாகலோரி ஆற்றல் வேண்டும். சினையின் பதினோராம் மாதத்தில் 21.4, ஈன்ற முதல் மாதத்தில் 31.7. கால்சியம் அதே வரிசையில் 20 கிராம், 36 கிராம், 59 கிராம். புரதம் சும்மா இருக்கும்போது 630 கிராம். பால் கொடுக்கும்போது ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. இந்த எண்களைப் பார்த்த பிறகு பங்கை மாற்றாமல் இருக்க முடியுமா? முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. அட்டவணை சுவரிலேயே இருந்ததால் முணுமுணுப்பு தானாக ஓய்ந்தது.

எங்கள் குதிரைகள் 500 கிலோ இல்லை, ஆகவே எடை தெரிய வேண்டும். எடை மேடைக்கு எங்கே போவது? தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 165 சென்டிமீட்டர் சுற்றும் 150 நீளமும் உள்ள குதிரை 344 கிலோ. நிறைசினையில் இந்தக் கணக்குக் கொஞ்சம் பிசகும். அதனால் நாடாவை விடக் கையை நம்பச் சொல்வார் பாய். விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஓட்டினால் எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியக்கூடாது. டெக்சாஸில் 1983-ல் வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை மதிப்பெண் முறையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. சினைப்பெட்டை அதில் ஆறை ஒட்டி இருந்தால் நல்லது. ஈன்ற பிறகு கரைவதற்குக் கொஞ்சம் சதை கையிருப்பு வேண்டும்.

இனி கொள்ளு. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது அனுபவத்தில் சொன்னது. கொள்ளு வேகும் வாசனைக்கே எங்கள் பெட்டை கதவை உதைக்கும். நல்ல தானியம்தான்; நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம். ஊறவைத்து வேகவைத்துக் கொடுக்க வேண்டும், பச்சையாகக் கொடுத்தால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. ஆனால் கொள்ளு மட்டுமே தீவனம் ஆகிவிடாது. பருப்பில் புரதம் இருக்கிறதே தவிர, குட்டியின் எலும்புக்கு வேண்டிய கால்சியம் போதாது. எங்கள் அளவு, பால் கொடுக்கும் பெட்டைக்கு நாளைக்கு அரைக் கிலோ, அவ்வளவுதான்.

கால்சியம் என்று வந்துவிட்டதால் எங்கள் பக்கத்துப் பெருமைக்குக் கொஞ்சம் அடி கொடுத்துத்தான் ஆக வேண்டும். காங்கேயம் காளையை வளர்த்தது கொறங்காடு. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும் மேய்ச்சல் நிலம் அது. உலகில் வேறெங்கும் பார்க்க முடியாத அழகு என்று நானே பலரிடம் பெருமை அடித்திருக்கிறேன். ஆனால் கொழுக்கட்டைப்புல்லில் ஆக்சலேட் உண்டு. அது புல்லில் உள்ள கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த முதல் வயிறு இல்லை. அதன் நுண்ணுயிர்த் தொழிற்சாலை கடைசியில், பெருங்குடலில் இருக்கிறது. கால்சியத்தை உடம்பு உறிஞ்சும் இடமான சிறுகுடலைத் தாண்டிய பிறகுதான் கட்டு அவிழும், அவிழ்ந்து பயன் இல்லை. ஆஸ்திரேலியாவில் இதே புல்லில் மாதக்கணக்கில் மேய்ந்த குதிரைகளுக்கு முக எலும்பு வீங்கும் நோய் வந்தது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் ஆக்சலேட் உண்டு.

இதன் மேல் நாம் தவிட்டை வேறு கொட்டுகிறோம். தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பல மடங்கு. கோதுமைத் தவிட்டில் சுமார் பத்து மடங்கு. அரிசித் தவிட்டில் அதற்கும் மேல் போகும். ரத்தத்தில் கால்சியம் குறைய விடாமல் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும், குதிரையோ ஒரு நாள் இந்தக் காலிலும் மறு நாள் அந்தக் காலிலும் நொண்டும், தாடை தடிக்கும். பழைய காலத்தில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இது அதிகம் வந்ததால் ஆலைக்காரர் நோய் என்றே ஒரு பெயர் உண்டு. சினையும் பாலும் சேர்ந்த பெட்டைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

மருந்து தோட்டத்திலேயே இருக்கிறது. குதிரைமசாலில் கால்சியமும் புரதமும் தாராளம். புல் மேய்ச்சலைக் கைவிட வேண்டியதில்லை, கூடவே மசாலும் தாது உப்புக் கலவையும் தினமும் போனால் கணக்கு சமமாகிவிடும். அந்தத் தாது உப்பில் செம்பு இருக்கிறதா என்று பையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குகிறோம். குதிரைப் பாலில் செம்பு மிகக் குறைவு. குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே, கடைசி மாதங்களில், தன் ஈரலில் சேமித்துக்கொண்ட செம்பை வைத்துத்தான் முதல் சில மாதங்களை ஓட்டுகிறது. நிறைசினையில் தாய்க்குக் கொடுக்கத் தவறியதை, பிறந்த பிறகு பால் வழியாக ஈடுகட்ட முடியாது.

மாட்டுக்காரரிடமிருந்து எடுக்கக்கூடாதவை என்றேனே, இன்னும் சில. பருத்திக்கொட்டைப் பால் மாட்டுக்கு அமிர்தம். அதில் உள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள் குட்டிக்கு ஆகாது. பச்சைச் சோளப்பயிரில் சினைக்குதிரையை மேயவிடக்கூடாது. வளைந்து இறுகிய மூட்டுகளோடு குட்டி பிறந்த நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. காய்ந்த தட்டு வேறு கதை, அதைத்தான் நாங்கள் வருடம் முழுக்க வைக்கிறோம். கடலைக்கொடியை உதறி மண் போக்காமல் வைத்தால் வயிற்றுவலி. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே கரைத்துவிடும், இதில் மிகை எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் கொடியது கோழித்தீவனம். பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழிப் பண்ணை இல்லாத சாலை கிடையாது. மிச்சம் விழுந்த தீவனத்தைக் குதிரைக்குப் போட்டால் என்ன என்று தோன்றும். கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கச் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மாற்று மருந்தும் கிடையாது. எங்கள் கிளப்பில் சேரும் ஒவ்வொருவருக்கும் டீச்சரக்கா முதல் நாள் சொல்வது இதைத்தான். கடிவாளம் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

ஈனும் நேரம் நெருங்கினால் கிளப்பில் முறை வைத்து இரவுக் காவல். பெட்டைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும், அதுவும் நாம் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து. மடி இறங்கி, காம்பு நுனியில் தேன்மெழுகு போல மஞ்சள் துளி உறைந்தால் ஓரிரு நாள். கல்லூரிப் பையன்கள் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் பட்டையை வாங்கி வந்து காம்பில் வரும் துளியைச் சோதிக்கிறார்கள். ஈனுவதற்கு முன் பாலில் கால்சியம் சட்டென்று ஏறும், பட்டையின் நிறம் மாறும். நல்ல உபாயம். பாய் மட்டும் பட்டையை நம்புவதில்லை, வாலடியைத் தொட்டுப் பார்த்துத் தசை தளர்ந்துவிட்டதா என்று சொல்கிறார்.

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி முழுதாக விழ வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று; தவறினால் மருத்துவருக்குத் தொலைபேசி. குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் சீம்பாலில் இருந்துதான் முழுக்கப் பெற வேண்டும். அதை உறிஞ்சும் வாசல் குடலில் ஒரு நாளுக்குள் அடைந்துவிடும், முதல் ஆறேழு மணி நேரம் பொன்னான நேரம். எங்கள் ஊரில் சீம்பாலைக் கறந்து கீழே விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் காவல் இரவில் உள்ளே விடுவதில்லை.

குட்டி பால் குடித்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மடிக்கடியில் நிற்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. நெற்றியைப் பார்க்க வேண்டும். குட்டியின் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் பால் வடிந்து காய்ந்து வெள்ளைப் பொருக்காக இருந்தால், தாய்க்குப் பால் தானாகப் பீய்ச்சுகிறது, குட்டி அடியில் நின்றும் உறிஞ்சவில்லை என்று பொருள். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். படம் எடுக்கத் தோன்றும். ஆனால் அது நோயின் முதல் அடையாளம். நலமான குட்டி முதல் வாரத்தில் மணிக்கு ஐந்தாறு முறை மடியைத் தேடும், மடி எப்போதும் வற்றியதுபோலத் தொளதொளவென்று இருக்கும்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் திருவிழா. குட்டியைப் பார்க்க உறவினர், பள்ளிப் பிள்ளைகள், பக்கத்து ஊர்க்காரர் எல்லோரும் வருவார்கள். குட்டிக்குச் சர்க்கரை, குட்டிக்குத் திருஷ்டிக் கயிறு, குட்டியோடு படம். தாய் பின்னால் நின்றுகொண்டிருக்கும். சினையில் இருந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அதே கைகள், பாரம் இறங்கிவிட்டது, இனி என்ன என்று பழைய அளவுக்குப் போய்விடும். சரியாக அப்போதுதான் அவள் தேவை இரண்டு மடங்காகிறது. போதாக்குறைக்குப் பருவமும் எதிரி. மாசி, பங்குனியில் ஈன்றால் பால் உச்சத்தில் இருப்பது சித்திரை, வைகாசியில். கொறங்காடு காய்ந்து கிடக்கும், கிணறு கீழே போயிருக்கும், தட்டு விலை ஏறியிருக்கும். தையிலேயே போர் போட்டுவைப்பதும் மசால் பங்கை ஈன்ற பெட்டைக்கு இரட்டிப்பாக்கியதும் இதற்காகத்தான்.

350 கிலோ பெட்டைக்கு நாங்கள் இப்போது கொடுப்பது, நிறைசினையில் ஐந்து கிலோ தட்டு, நான்கு கிலோ பச்சை மசால், ஒன்றரைக் கிலோ அடர்தீவனம். ஈன்ற பின் பத்து நாளில் மெல்ல ஏற்றி ஆறு கிலோ தட்டு, எட்டு கிலோ மசால், மூன்று கிலோ அடர்தீவனம். அடர்தீவனம் என்பது ஓட்ஸ் அல்லது பார்லி பெரும்பங்கு, வேகவைத்த கொள்ளு, கொஞ்சம் சோயாப் புண்ணாக்கு. தாது உப்பும் கல்லுப்பும் தனி. மூன்று கிலோவையும் ஒரே வேளையில் கொட்டக்கூடாது. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குச் சிறியது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. மூன்று வேளையாகப் பிரித்து, தட்டு தின்ற பிறகு கொடுக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு கேட்டாலும். பால் கொடுக்கும் பெட்டை கோடையில் குடிக்கும் தண்ணீரைப் பார்த்துத் தொட்டியில் ஓட்டையோ என்று சந்தேகப்பட்டவர்கள் எங்களில் உண்டு.

குட்டிக்கு வருவோம். ஈன்ற ஏழு முதல் பத்து நாளில் தாய்க்கு மறுபடி சினைப்பருவம் வரும், அதே நேரம் குட்டிக்குக் கழிச்சலும் வரும். தாயின் பால்தான் காரணம் என்று சொல்வார்கள். ஆனால் தாய்ப்பால் இல்லாமல் வளர்த்த குட்டிகளுக்கும் அந்த வயதில் அது வருகிறது. குட்டியின் குடல் புதிய நுண்ணுயிர்களுக்குப் பழகும் நேரம் அது. அந்த நுண்ணுயிர்களைக் குட்டி எங்கே பெறுகிறது தெரியுமா? தாய் லத்தி போட்டதும் சூடு ஆறும் முன் குட்டி ஓடிவந்து முகர்ந்து, உதட்டால் ஒரு உருண்டையை உருட்டிப் பிளந்து, உள்ளே இருக்கும் நார்ப்பகுதியைச் சவைத்துத் தின்னும். புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் பதறிப்போய்க் கயிற்றை வீசி விரட்டுவார்கள். விரட்ட வேண்டாம், தின்னட்டும். தாய்க்கு ஒழுங்காகக் குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் போதும்.

இரண்டு மூன்று மாதத்தில் பால் மட்டும் குட்டிக்குப் போதாமல் போகும். அப்போது தாய் நுழைய முடியாத, குட்டி மட்டும் நுழையக்கூடிய உயரத்தில் குறுக்குக் கட்டை வைத்து ஒரு மூலையை அடைத்துவிடுவோம். உள்ளே சின்னத் தொட்டியில் குட்டிக்கான தீவனம், பதினாறு சதவீதத்துக்குக் குறையாத புரதத்தோடு. மாத வயதுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்பது நாளுக்கான அளவு; மூன்று மாதக் குட்டிக்கு ஒன்றேகால் கிலோ. அதற்கு மேல் போகக்கூடாது. இந்த இடத்தில்தான் எனக்கும் சந்தைக்குக் குட்டி தயார் செய்கிறவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. ஆடிச் சந்தைக்குள் குட்டி பளபளவென்று உருண்டையாக இருக்க வேண்டும் என்று தானியத்தைத் திணிக்கிறார்கள். எலும்பு முதிரும் முன் எடை ஏறினால் மூட்டுக் குருத்தெலும்பு கெடும், கணுக்கால் வீங்கும், தசைநார் இழுத்துக் குளம்பு முனையில் நிற்கும். ஆறு மாதக் குட்டியை உருண்டை என்று பாராட்டி விலை கொடுப்பவருக்கு மூன்றாம் வயதில் நொண்டிக் குதிரை கிடைக்கும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இங்கே குதிரைகள் பிழைப்பதில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்து இறங்கும் உயர்ந்த குதிரைகள், அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலும் செத்துப்போகும். நல்ல பொலிகுதிரையை நல்ல பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஒன்றுக்கும் உதவாத சிறு குட்டிதான் பிறக்கிறது என்கிறார். தீவனம் என்ன? சோற்றோடு சமைத்த இறைச்சி. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த பார்லியில் வெண்ணெய் கலந்து கொடுத்துக் காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்கள் என்கிறார். நம் சீதோஷ்ணம் குதிரைக்கு ஆகாது என்பது அந்தக் காலத்து முடிவு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சோற்றிலும் இறைச்சியிலும் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். அதைத் தின்ற தாய்க்குக் கோணல் கால் குட்டி பிறந்ததில் என்ன வியப்பு? வெயிலைக் குற்றம் சொல்வதற்கு முன் தொட்டியைப் பார்த்திருக்கலாம் என்பது என் ஊகம். அதே வெயிலில்தான் எங்கள் குட்டிகள் நேரான காலோடு ஓடுகின்றன.

தாய் இறந்தோ பால் வற்றியோ குட்டி தனித்துவிட்டால் கதை வேறு. பசும்பாலில் குதிரைப் பாலை விடக் கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல், சர்க்கரை குறைவு. அப்படியே கொடுத்தால் கழிச்சல். கொழுப்பு எடுத்த பாலில் மருந்துக்கடை டெக்ஸ்ட்ரோஸ் கலந்து, மருத்துவர் சொன்ன அளவில், இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ஒரு வீட்டார் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை அல்ல. கிளப் என்று ஒன்று வேண்டும் என்று யாராவது நிரூபணம் கேட்டால் இந்த இரவு முறைப் பட்டியலைக் காட்டுவேன்.

பால் மறக்கடிப்பது ஐந்து, ஆறு மாதத்தில். மாசியில் பிறந்த குட்டிக்கு அது ஆடியில் வந்து விழுகிறது, அந்தியூர்ச் சந்தையும் ஆடியில். தாயைப் பிரிந்த வாரத்திலேயே லாரியில் ஏற்றி, கூட்டத்திலும் ஒலிபெருக்கியிலும் நிறுத்தினால் குட்டி தீவனத்தை விட்டுவிடும். ஆகவே பால் மறந்து ஒரு மாதம் ஆகாத குட்டி சந்தைக்குப் போவதில்லை என்று போன வருடம் முடிவெடுத்தோம். கோழிப்பண்ணை அண்ணனுக்கு வருத்தம்தான். அவர் குட்டி இரண்டு காதும் நுனியில் தொட்டுக்கொள்ளும் அசல் மார்வாரி. சந்தையில் காட்டியே ஆக வேண்டும் என்று ஆசை. "அடுத்த ஆடிக்குக் கொண்டுபோங்கள், அப்போது இன்னும் உயரமாக நிற்கும்" என்று டீச்சரக்கா சொல்லிவிட்டார்.

பிரித்த அன்று தாயின் அடர்தீவனத்தை முற்றிலும் நிறுத்தி வெறும் தட்டுக்கு மாற்றினோம், மடி வற்றுவதற்காக. பத்து நாளில் மடி ஒட்டிவிட்டது. பிறகுதான் மருத்துவர் ஸ்கேன் வைத்துப் பார்த்து, பங்குனியில் சேர்த்தது தங்கியிருக்கிறது, நாலு மாதச் சினை என்றார். அண்ணன் அங்கேயே மசால் பங்கை இரட்டிப்பாக எழுதச் சொன்னார். டீச்சரக்கா பேரேட்டைத் திறந்து, அவர் பெட்டையின் பெயருக்கு நேராக மாசி என்று எழுதி, அதுவரை ஒற்றைப் பங்கு என்று அடிக்கோடிட்டார்.